டாட்டூ: ஏழெட்டு வெயிலுக்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது?

2017-இல் குத்திய டாட்டூ இது. வலது முன்கையின் வெளிப்பக்கம் ஒரு பனைமரம், அதன் கீழே தமிழில் ஒரு சின்ன வரி. இன்ஸ்டாகிராமில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் குத்திய அன்றே எடுத்த படங்கள். அன்றைக்கு எல்லா டாட்டூவும் அழகுதான். அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சில வருஷம் ஆன டாட்டூவைத் தேடிப் பாருங்கள்.

என் கையில் மரத்தின் தடித்த கோடுகள் அப்படியே நிற்கின்றன, கருமையில் கொஞ்சம் நீலம் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான். ஓலைக்குப் போட்ட லேசான சாம்பல் ஷேடிங் பாதிக்கு மேல் போய்விட்டது. பைக் ஓட்டும்போது முழு வெயிலும் விழும் இடம் அது. சன்ஸ்கிரீன் தடவும் பழக்கம் இல்லாதவர்கள் முன்கையின் உள்பக்கத்தையோ மேற்கையையோ யோசிக்கலாம். விரல், உள்ளங்கை ஓரம் போன்ற இடங்களில் மை சீக்கிரம் மங்கும்.

மை நிற்பது மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடுத்த அடுக்கில். அங்குள்ள நோய் எதிர்ப்பு செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது வெளியேறும் துகள்களைப் பக்கத்தில் வரும் புதிய செல்கள் விழுங்குகின்றன. டாட்டூ நிலைப்பது இப்படித்தான். ஆனால் வருஷம் போகப்போகத் துகள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதால் கோடு அகலமாகும். கிராமத்துப் பாட்டிகளின் கையில் இருக்கும் பச்சையைப் பாருங்கள்: கரியால் குத்தியதுதான், ஆனால் மேல்தோலுக்கு அடியில் இருப்பதால் நீலப்பச்சையாகத் தெரியும், கோலப்புள்ளிகள் ஒன்றோடு ஒன்று கலந்திருக்கும்.

தமிழ் எழுத்து குத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். நான் கொண்டுபோன அளவைப் பார்த்துவிட்டு ஆர்ட்டிஸ்ட், "தம்பி, இவ்வளவு பொடியா வேணாம், ண-வும் ஞ-வும் அடைச்சுக்கும்" என்றார். "சரிண்ணா, பெருசாவே போடுங்க" என்றேன். வரி இன்றும் வாசிக்கும்படி இருக்கிறது. கூட வந்த நண்பன் மணிக்கட்டில் பொடி எழுத்தில்தான் வேண்டும் என்று நின்றான். அவனுடைய சுழிகள் உறிஞ்சுதாளில் விழுந்த மை மாதிரி ஆகிவிட்டன. இன்னொன்று, ஸ்டென்சிலை (குத்துவதற்கு முன் தோலில் படியெடுக்கும் மாதிரித் தாளை) ஒட்டும் முன் எழுத்துக்கூட்டி வாசியுங்கள். சில டிசைன் மென்பொருள்களில் கொம்பு இடம் மாறிவிடும், 'கொ' உடைந்து நிற்கும். தமிழ் தெரியாத ஆர்ட்டிஸ்ட் அதை அப்படியே குத்திவிடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கடை விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், மையைச் சின்ன கிண்ணத்தில் தனியாக ஊற்றி மீதியைக் கொட்ட வேண்டும், கையுறை மாற்ற வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தம் வழியாகப் பரவுபவை. திருவிழாக் கடையில் சதுர அங்குலத்துக்கு எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம் என்பேன்.

காது குத்தியபோதோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறதா? அது கெலாய்டு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் கூடுதலாக வரும். அப்படி இருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்காமல் ஊசியின் பக்கமே போக வேண்டாம். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே.

சென்னையில் என்றால் மார்கழி, தை சரியான காலம். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை கடல், கிணறு, நீச்சல்குளம் கிடையாது. சித்திரை வியர்வையில் அந்த அரிப்பைத் தாங்குவது கஷ்டம். பொருக்கைப் பிய்த்தால் அந்த இடத்தில் மையும் சேர்ந்து போகும்.

ராணுவம், மத்திய ஆயுதப் போலீஸ் படைத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் முதலில் அறிவிப்பைப் படியுங்கள். மத்திய ஆயுதப் போலீஸ் படைத் தேர்வில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உள்பக்கம், புறங்கை போன்ற இடங்களுக்குத்தான் அனுமதி, அளவுக்கும் வரம்பு உண்டு. என் பனைமரம் அங்கே செல்லாது. குத்திய பின் ஒரு வருஷம் ரத்ததானமும் செய்ய முடியாது.

பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: எடுக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல அமர்வுகள் போக வேண்டும். கறுப்பு மை ஓரளவு போகும். பச்சையும் மஞ்சளும் பிடிவாதம் பிடிக்கும். நம் நிறத்தில் அந்த இடம் வெளுத்துப்போகும் அபாயமும் இருக்கிறது. குத்துவதைவிட எடுப்பதற்குச் செலவும் வலியும் அதிகம் என்றுதான் எடுத்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள்.

எனக்கு எடுக்கும் எண்ணம் இல்லை. வரும் தையில் ஓலைக்கு மட்டும் ஒரு டச்-அப், எழுத்தில் கை வைக்கப்போவதில்லை.