சாகோஸ் பாடம்: பொதுச்சபையா, பேச்சுவார்த்தை மேசையா?

மொரீஷியஸ் தமிழ் வகுப்பில் ராஜதந்திரம் பழக, பிரிட்டனுக்கும் மொரீஷியஸுக்கும் இடையே உரிமைத் தகராறு நடந்த சாகோஸ் தீவுகளைவிட நல்ல பொருள் இல்லை. அதை நடத்த இரண்டு வழிகள் உண்டு.

மாதிரி ஐ.நா. பொதுச்சபையில் 30 மாணவர்களுக்கும் ஆளுக்கொரு நாடு. பிரிட்டன் சாகோஸை விட்டு வெளியேற வேண்டும் என்ற 2019 மே தீர்மானத்துக்கு 116 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு, 56 நடுநிலை. மாலத்தீவு ஏன் எதிர்த்தது என்று தேடவைத்தாலே கடல் எல்லைச் சிக்கல் விளங்கிவிடும். ஆனால் நாலைந்து பேரே பேசுவார்கள். மற்றவர்கள் எழுதி வந்ததை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். உரைக்கு ஒரு நிமிடம் போதும், மீதி நேரம் தனிப்பேச்சுக்கு.

இரண்டு பாடவேளைதான் இருக்கிறதென்றால் இரண்டாவது வழியான லண்டன்–போர்ட் லூயி மேசையையே, அதாவது பிரிட்டன்–மொரீஷியஸ் பேச்சுவார்த்தையையே தேர்ந்தெடுப்பேன். பக்கத்துக்கு நால்வர், மூன்று மேசைகள். மீதி ஆறு பேர் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களின் பிரதிநிதிகள், மேசைக்கு இருவர். அவர்களை விட்டுவிட்டால் ஊர் திரும்பும் உரிமையை யாரும் எழுப்பமாட்டார்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ரகசியத் தாள் கொடுங்கள்: எதை விடக்கூடாது, எதை விடலாம். ராணுவத் தளம் உள்ள டியேகோ கார்சியா தீவின் குத்தகைக்கு ஒரு பக்கம் குறைந்தது 80 ஆண்டு, மறுபக்கம் அதிகபட்சம் 110 என்று இருக்கட்டும். இரண்டு வரம்பும் ஒன்றையொன்று தொடாவிட்டால் முட்டுக்கட்டைதான். 2025 மே ஒப்பந்தத்தின் 99 ஆண்டை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எல்லா மேசையும் அதையே எழுதிவிடும்.

பேரம் கிரியோலில் ஓடட்டும், வரைவு தமிழில் வரட்டும்.