புரொஜெக்டரா, தொடுதிரையா? எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு நான் தேர்ந்தது

பழைய மாணவர்கள் பணம் தருகிறோம் என்றதும் ஆசிரியர் அறையில் ஒரு வாரம் இதே பேச்சு. அறிவியல் வகுப்புக்குப் புதிய புரொஜெக்டர் வாங்குவதா, சுவரில் மாட்டும் 65 அங்குலத் தொடுதிரை வாங்குவதா? புரொஜெக்டரோடு ஆறு வருடம் மல்லுக்கட்டியவள் என்பதால் தலைமையாசிரியர் முடிவை என்னிடமே விட்டார். தொடுதிரையைச் சொன்னேன். மாட்டி எட்டு மாதம் ஆகிறது.

விலையில் புரொஜெக்டரை அடிக்க முடியாது. நாங்கள் விசாரித்தபோது ஒரு தொடுதிரையின் காசில் இரண்டு புரொஜெக்டர் வாங்கி, மிச்சத்தில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணியும் தைத்திருக்கலாம். படமும் பெரிதாக விழும், எந்த வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். நடத்தும் பாடத்தில் வித்தியாசமே இல்லை. பாடநூலின் க்யூஆர் குறியீட்டில் வரும் காணொளியானாலும், திரையிலேயே சோதனை செய்து பார்க்க வைக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) சிமுலேஷனானாலும் இரண்டிலும் ஓடும். ஃபெட்டை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால் பள்ளியில் இணையம்கூட வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் நான் தொடுதிரைப் பக்கம் சாய்ந்தது வெளிச்சத்துக்காக.

எங்கள் வகுப்பறை மேற்குப் பார்த்தது. மதியம் புரொஜெக்டர் போட வேண்டுமென்றால் எல்லா ஜன்னலையும் சாத்த வேண்டும். 48 பிள்ளைகள், மூடிய அறை, சூடான காற்றையே சுற்றிவிடும் மின்விசிறி. விளக்கை அணைத்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு விசில் வரும், பிறகு ஒருவன் தூங்கிவிடுவான். அதையெல்லாம் சமாளிக்கலாம். ஆனால் அந்த இருட்டில் சோதனை மேசையும் சேர்ந்து மறைந்துவிடுகிறது. அம்மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் படம் ஒரு நாள், சோதனை இன்னொரு நாள் என்று பிரித்துத்தான் நடத்துவேன். படத்தில் பார்த்ததும் கையால் செய்ததும் ஒன்றுதான் என்பது பாதிப் பேருக்கு எட்டவே எட்டாது.

இந்த வருடம் ஒளியியல் பாடத்தில் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். ஒரு மாணவி குவிலென்சைப் பிடித்தாள், பின்னால் ஒரு வெள்ளைத்தாள். தாளை முன்னும் பின்னும் நகர்த்தியபோது மைதானத்து வேப்பமரம் பச்சை நிறத்தோடு சின்னதாக விழுந்தது. “மிஸ், மரம் தலைகீழா நிக்குது!” லென்சுக்கும் தாளுக்கும் இடையே ஸ்கேல் வைத்தால் 15 சென்டிமீட்டர். அதே நிமிடம் தொடுதிரையில் இன்னொருவன் ஃபெட்டின் பென்சிலை விரலால் தூரமாக இழுத்தான். பிம்பம் முதன்மைக் குவியத்தை, அதாவது தூரத்து ஒளி லென்சைத் தாண்டி வந்து கூடும் புள்ளியை, நெருங்கி வந்து சுருங்கியது. சரி, இப்போது பென்சிலைக் குவியத்துக்கு உள்ளே கொண்டு வா என்றேன். பிம்பம் நிமிர்ந்து, பெரிதாகி, பென்சில் இருக்கும் பக்கமே போய்விட்டது. சொல்லாமலே அந்தப் பெண் லென்சை நோட்டின் எழுத்துக்கு மேல் பிடித்துப் பார்த்தாள். தாளில் விழாத இந்த மாயபிம்பத்தைப் புரியவைக்க நான் வழக்கமாக ஒரு பீரியடு செலவழிப்பேன்.

இருட்டறையில் இது நடந்திருக்காது. ஜன்னலைச் சாத்தினால் மரம் ஏது?

பராமரிப்பிலும் பழைய புரொஜெக்டர் என்னைப் படுத்தியிருக்கிறது. தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்ட வேண்டும். பாடத்தின் நடுவே கரண்ட் போனால் குளிர்விக்கும் விசிறியும் நின்றுவிடும், விளக்கு சூட்டோடு அப்படியே கிடக்கும், அதன் ஆயுள் குறையும். லேசர் புரொஜெக்டரில் இந்த விளக்குத் தொல்லை இல்லை. அதில் நான் பாடம் நடத்தியதில்லை என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொடுதிரையிலும் குறை உண்டு. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுப் பளபளக்கிறது என்று ஓரத்து பெஞ்சுக்காரர்கள் தள்ளி உட்காருகிறார்கள். வேதிச் சமன்பாட்டில் கீழே வரும் சிறிய எண்கள் கடைசி வரிசைக்குத் தெரிவதில்லை, பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. 60 பேருக்கு மேல் உள்ள வகுப்பென்றால் நானே புரொஜெக்டரை வாங்கச் சொல்வேன்.

எட்டு மாத அனுபவத்தை வைத்து ஐந்தாம் வருடத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கண்ணாடி உடைந்தால் சரிசெய்வதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்று விற்றவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் கிரிக்கெட் பந்துக்கு அனுமதி இல்லை.