ஒரே கோரிக்கை, நான்கு ஏற்பாடுகள்: நிறுவனத் திட்டத்துக்கு எது பொருந்தும்?

ஒரு கட்டுமான நிறுவனம் பல்கலைக்கழகத்தை அணுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். "வெயிலில் வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உடம்பு முடியாமல் போவதற்கு முன்பே எச்சரிக்க ஏதாவது செய்து தாருங்கள்." கோரிக்கை அவ்வளவுதான். காரணம் ஊரறிந்தது. 2023 அக்டோபரில் சிங்கப்பூரின் மனிதவள அமைச்சு விதிகளைக் கடுமையாக்கியது. டபிள்யூபிஜிடி எனப்படும் வெப்ப அழுத்த அளவு 32 டிகிரியை எட்டினால், கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். 33-ஐ எட்டினால் 15 நிமிடம்.

பல்கலைக்கழக மாணவர்கள் நிறுவனங்களுக்காகத் திட்டம் செய்ய, சிங்கப்பூரில் இப்போது நடப்பில் உள்ள நான்கு ஏற்பாடுகளில் இதே கோரிக்கையைப் போட்டுப் பாருங்கள், நான்கு வெவ்வேறு பொருள்கள் வெளிவரும். மாணவர்கள் பெரும்பாலும் தலைப்பையும் நிறுவனத்தின் பெயரையும் பார்த்துத்தான் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நிறுவனத்தின் தரவோ தளத்துக்குள் நுழையும் அனுமதியோ எத்தனையாவது வாரம் கைக்கு வரும்? அதற்குப் பிறகு எத்தனை வாரம் மிஞ்சும்?

ஒரு பருவப் பாடம்

எஸ்எம்யு எனப்படும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2015-இல் தொடங்கிய எஸ்எம்யு-எக்ஸ் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பேராசிரியர், மாணவர், நிறுவனம் என மூன்று தரப்பும் ஒரே பாடத்துக்குள் வருகின்றன. பாடமும் திட்டமும் ஒரு பருவத்தில் முடிந்துவிடும். ஏட்டில் 15 வாரம். இடைவேளை வாரம், தேர்வுக்காலம், குழு அமையும் முதல் இரண்டு வாரம், இறுதி விளக்கப் படைப்புக்குத் தயாராகும் கடைசி இரண்டு வாரம் எல்லாவற்றையும் கழித்தால் உண்மையில் வேலை நடப்பது எட்டு, ஒன்பது வாரம்தான்.

இதில் நம் கட்டுமான நிறுவனத்துக்குக் கருவி கிடைக்காது, முடிவெடுக்க உதவும் அறிக்கைதான் கிடைக்கும். ஓய்வு நேரத்தை எப்படி அட்டவணைப்படுத்தினால் கான்கிரீட் ஊற்றும் வேலை தடைபடாது, சந்தையில் விற்கும் கருவிகளில் எதை வாங்கலாம், மேற்பார்வையாளர்கள் விதியை எந்த இடத்தில் மீறுகிறார்கள் என்ற மாதிரிக் கேள்விகளுக்கு ஒரு பருவம் தாராளம். வணிகம், சட்டம், சமூக அறிவியல், தகவல் முறைமை படிப்பவர்கள் கலந்த குழு இதை நன்றாகவே செய்யும்.

தவறு நடப்பது, இந்த ஏற்பாட்டில் போய் எதையாவது கட்டித் தருகிறோம் என்று ஒப்புக்கொள்ளும்போது. ஆறாம் வாரம் வரை தரவு வராது. வந்ததும் அட்டவணையில் பாதிப் பத்திகள் காலியாக இருக்கும். பத்தாம் வாரத்தில் அவசரமாக ஒரு திரை மாதிரியை வரைந்து, அதற்குச் 'செயலி' என்று பெயர் வைத்துப் படைப்பார்கள். நிறுவனமும் மரியாதையாகக் கைதட்டிவிட்டுப் போய்விடும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, முதல் சந்திப்புக்கே ஒரு பக்கத் தரவுக் கோரிக்கையோடு போவது. எந்தெந்தப் பத்திகள் வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கோப்பு வடிவில், பெயரும் அடையாள எண்ணும் நீக்கப்பட்ட 100 வரிசை மாதிரி எப்போது கிடைக்கும், அதை அனுமதிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். சந்திப்புக்கு வரும் புத்தாக்கப் பிரிவு அதிகாரிக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரம் இருக்காது.

இரு பருவக் காப்ஸ்டோன்

2012-இல் முதல் மாணவர்களைச் சேர்த்த எஸ்யுடிடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) காப்ஸ்டோன் எனப்படும் இறுதியாண்டுக் குழுத் திட்டம் இரண்டு பருவம் நடக்கிறது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரே குழுவில் இருந்தாக வேண்டும். கட்டடக்கலை மாணவர், கணினி மாணவர், பொறியியல் பொருள் உருவாக்க மாணவர் மூவருக்கும் ஒரே மேசை. கருவி வேண்டும் என்று கேட்கும் நிறுவனத்துக்கு நம் பரிந்துரை இதுதான். காரணத்தைக் கருவிக்குள்ளேயே பார்க்கலாம்.

வெளியில் வெயில் படும் இடத்தில் டபிள்யூபிஜிடி கணக்கிடும் சூத்திரம்: ஈரக்குமிழ் வெப்பநிலையில் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 0.7 பங்கு, கறுப்புக் கோள வெப்பநிலையில் (வெயிலை உறிஞ்சும் கறுப்புக் கோளத்துக்குள் அளப்பது) 0.2 பங்கு, காற்று வெப்பநிலையில் 0.1 பங்கு. கணினி மாணவர்கள் மட்டும் உள்ள குழு, சில வெள்ளிக்குக் கிடைக்கும் வெப்ப ஈரப்பத உணரியை வாங்கி, இரண்டே நாளில் தரவைத் திரைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் அந்த உணரிக்குச் சூரியக் கதிர்வீச்சு தெரியாது. கோளம் 45 டிகிரி, காற்று 32 டிகிரி என்று வையுங்கள். கோளம் இல்லாததால் அந்த இடத்திலும் காற்று வெப்பநிலையையே போட்டால் விடை 2.6 டிகிரி குறையும். உண்மையில் 33-ஐத் தாண்டிவிட்ட இடத்தில் கருவி 31-க்கும் கீழே காட்டும். பதினைந்து நிமிட ஓய்வு கிடைக்க வேண்டியவர் வெயிலிலேயே நிற்பார்.

சரி, கோளம் வைக்கலாம். தரநிலைக் கோளம் 150 மில்லிமீட்டர் விட்டம். நிலைபெற 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். மேசைப்பந்து அளவிலான 40 மில்லிமீட்டர் கோளத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புச் சாயம் பூசினால் சீக்கிரம் நிலைபெறும், ஆனால் காற்றோட்டம் அதை எளிதாகக் குளிர்விப்பதால் வெயிலில் குறைத்தே காட்டும். அதைத் திருத்தக் காற்றின் வேகமும் வேண்டும். உணரியை மூடும் பிளாஸ்டிக் பெட்டி தானே சூடாகிக் காற்று வெப்பநிலையை ஏற்றிக் காட்டுவது இன்னொரு தொல்லை. அதற்குக் கதிர்வீச்சுத் தடுப்பு வேண்டும், காற்று புக இடைவெளியும் வேண்டும், மழை புகவும் கூடாது. இயந்திரவியல் தெரிந்தவரும் வடிவமைப்பு தெரிந்தவரும் கணினிக்காரரோடு சண்டை போட்டுத் தீர்க்க வேண்டிய வேலை இது. பல்துறைக் குழு என்பதற்கு அர்த்தம் இங்கேதான் கிடைக்கிறது. அந்தச் சண்டைக்கு ஒரு பருவம் போதாது.

நாள்காட்டியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கருவியின் மின்சுற்றுப் பலகையைச் சீனாவின் ஷென்சென் ஆலைகளில் கொடுத்து வாங்குவது வழக்கம். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் சரியாக வடிவமைப்பு முடியும் நேரத்தில் சீனப் புத்தாண்டு வந்து ஆலைகள் ஒன்றிரண்டு வாரம் மூடிக் கிடக்கும். முதல் பலகையில் ஏதாவது ஒரு பிழை இருக்கும் என்று வைத்துக்கொண்டு இரண்டு சுற்றுக்கு நேரம் ஒதுக்குங்கள்; முதல் சுற்று டிசம்பருக்குள் போய்விடட்டும். மின்தடை, இணைப்பான், சாதாரண உணரி போன்றவற்றுக்கு ஜாலான் புசார் சிம் லிம் டவர் போதும். ஐந்து கருவி தேவையென்றால் எட்டுக்கு உதிரி வாங்குங்கள். கட்டுமானத் தளத்தில் ஒன்று தண்ணீரில் விழும், ஒன்று காணாமல் போகும், ஒன்றை யாராவது குழுவிலேயே தலைகீழாக மின்கலம் போட்டுக் கெடுப்பார்கள்.

காப்ஸ்டோனின் குறை மதிப்பெண்ணில் இருக்கிறது. சிங்கப்பூரின் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்கள் 2006 முதல், பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் வரம்புக்குள் வருகின்றன. அதனால் இறுதித் திட்டத்தில் பொறியியல் வடிவமைப்பு நடந்ததற்குச் சான்று காட்டியாக வேண்டும். குழுவிலுள்ள மற்ற துறையினருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே கருவிக்கு ஒரு மேற்பார்வையாளர் கணக்கீட்டைக் கேட்பார், இன்னொருவர் பயனர் ஆய்வைக் கேட்பார். இரண்டு மதிப்பீட்டு அட்டவணைகளையும் முதல் வாரத்திலேயே ஒரே தாளில் பக்கத்தில் பக்கமாக எழுதி ஒட்டாத குழு, கடைசி மாதத்தில் இரண்டு அறிக்கை எழுதும்.

ஆண்டுக்கணக்கில் தொடரும் வடிவமைப்புப் பாதை

என்யுஎஸ் எனப்படும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு, பொறியியல் கல்லூரி நடத்தும் புத்தாக்க வடிவமைப்புத் திட்டம் இந்த வகை. இரண்டாம் முதன்மைப் பாடமாகவே எடுக்கலாம். ஒரே திட்டத்தைப் பருவம் தாண்டியும் வளர்க்கலாம். நேரக் கணக்கைப் பாருங்கள். என்யுஎஸ்ஸில் 4 அலகுப் பாடம் என்றால் வாரம் 10 மணி நேரம். 13 வாரத்துக்கு 130 மணி. ஐந்து பேர் குழுவுக்கு 650 மணி. மேலே சொன்ன கோளத்தையும் பெட்டியையும் சரிசெய்து, தளத்தில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்க இது போதாது. இரண்டு மூன்று பருவம் சேர்ந்தால்தான் சரிவரும்.

நிறுவனத்துக்கு இதில் உள்ள சிக்கல், பொறுமை. காலாண்டுக்கு ஒருமுறை பலன் கேட்கும் நிறுவனம் இரண்டாம் ஆண்டில் ஆர்வம் இழந்துவிடும். தொடர்பு அதிகாரி வேலை மாறிப் போனால் திட்டம் அநாதை. எனவே தொடக்கத்திலேயே இரண்டு தொடர்பு நபர்களின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது நல்லது. ஆழமான தொழில்நுட்பம், காப்புரிமை வாய்ப்பு, பின்னால் சொந்த நிறுவனம் தொடங்கும் எண்ணம் ஆகியவை இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள்.

காப்புரிமை என்றதும் ஓர் எச்சரிக்கை. ஆண்டிறுதிக் கண்காட்சியில் கருவியைத் திறந்து காட்டிவிட்டால் அது பொது வெளியீடு. சிங்கப்பூரில் 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை கிடையாது. விண்ணப்பம் போட்ட பிறகு கண்காட்சிக்குப் போங்கள்.

வேலைக்குள்ளேயே படிப்பு

எஸ்ஐடி எனப்படும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் ஒருங்கிணைந்த வேலை-படிப்புத் திட்டத்தில் மாணவர் 8 முதல் 12 மாதம் நிறுவனத்திலேயே இருக்கிறார். தரவுக்கும் தளத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை; உள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு யார் அனுமதி மறுப்பது? ஆனால் இது தனி ஆளின் ஏற்பாடு. பல்துறை என்பது நிறுவனத்தின் மூத்த ஊழியர்கள் வழியாகத்தான் வரும். ஏற்கெனவே வாங்கிவைத்த அளவிகளைத் தளம் முழுவதும் பொருத்தி, மேற்பார்வையாளர்கள் உண்மையில் பயன்படுத்தும்படி செய்வதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க இது இடமில்லை.

எந்த ஏற்பாட்டிலும் வரும் ஒரு பிரச்சினை

தளத்தில் பேட்டி எடுக்க வேண்டிவரும். ஊழியர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருந்தால் குழுவிலுள்ள தமிழ் மாணவர் தலையில்தான் அது விழும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றால் "ஒண்ணும் இல்ல தம்பி, பழகிடுச்சு" என்ற பதில்தான் எல்லாரிடமிருந்தும் வரும். தேநீர் இடைவேளையில், நிழலில், தனியாகக் கேட்டால், நேற்று தலை சுற்றியதையும் தண்ணீர்த் தொட்டி எத்தனை மாடி கீழே இருக்கிறது என்பதையும் சொல்வார்கள். முதலாளியை நம்பியிருக்கும் ஒருவரிடம் கேட்பதால் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படும். அதற்குச் சில வாரம் ஆகும், ஒரு பருவப் பாடத்தில் அதுவே பாதித் திட்டம். விண்ணப்பத்தோடு சம்மதப் படிவத்தின் தமிழ் வடிவத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பிறகு கேட்டால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

அரை மணி நேரப் பேட்டியைத் தட்டச்சு செய்து, மற்றவர்களுக்குப் புரியும்படி மொழிபெயர்க்க மூன்று மணி நேரமாவது போகும். பத்துப் பேட்டி என்றால் 30 மணி. இந்த மணிநேரம் குழுவின் வேலைப் பட்டியலில் தனி வரியாக இல்லாவிட்டால், சக மாணவர் மதிப்பீட்டில் "அவர் நிரல் எழுதவில்லை" என்று வந்து நிற்கும். பயனர் ஆய்வு என்ற தலைப்பில் அந்த மாணவர் பெயரைப் போட்டு, இறுதிப் படைப்பில் அந்தப் பகுதியை அவரே பேசட்டும்.

இனி யாருக்கு எது? நிறுவனத்துக்குத் தேவை ஒரு முடிவு என்றால் ஒரு பருவம். வேலை செய்யும் கருவி என்றால் இரு பருவக் காப்ஸ்டோன், அதுவும் முதல் பருவம் முடிவதற்குள் தளத்துக்குப் போய்வர வாய்ப்பு இருந்தால் மட்டும். தொழில்நுட்பமே இன்னும் முதிரவில்லை என்றால் நீண்ட பாதை. கருவி இருக்கிறது, யாரும் பயன்படுத்தவில்லை என்றால் வேலை-படிப்பு. நிறுவனம் எழுதிக் கொடுத்த கோரிக்கையில் தரவு எப்போது வரும் என்ற தேதி இல்லையென்றால், குழுவில் சேர்வதற்கு முன் அந்தத் தேதியை மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் பட்டியலில் அடுத்த திட்டத்துக்குப் போய்விடலாம்.