"எங்க டீமுக்கு ஒரு ஓட்டு" என்று இணைப்பு வந்தால் தொடாதீர்கள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் ஆடுகிறவர்களும் ஸ்டீம் கணக்கில் ஸ்கின் சேர்த்து வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "எங்க டீம் டோர்னமெண்ட்ல இருக்கு, ஒரு ஓட்டுப் போடுங்க" என்று ஒரு செய்தி இந்த வாரம் மறுபடியும் சுற்றுகிறது. 2025 ஏப்ரலில் இதே செய்தியால்தான் ஆட்டத்தில் நான் வைத்திருந்த கத்தி போனது. என் கணக்கு வழியாக இன்னும் சிலருடைய பொருளும் போனது. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்பது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு, ஸ்டீம் என்பது அதைக் கணினியில் ஆடுவதற்கான தளம், இரண்டுமே வால்வ் நிறுவனத்துடையவை. ஸ்கின் என்பது துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடும் சட்டை மாதிரி. அதனால் ஆட்டத்தில் கூடுதல் பலம் எதுவும் வராது. ஆனால் 2013 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் இதைக் கொண்டுவந்ததிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தை விலை உண்டு. ஏகே-47 ரெட்லைன் மாதிரி பல பேரிடம் இருக்கும் ஸ்கின்னும் உண்டு, ஒரு பைக் விலைக்குப் போகும் கத்தியும் உண்டு. விலை இருக்கிற இடத்துக்குத் திருடனும் வருவான்.

எனக்குச் செய்தி அனுப்பியது முன்பின் தெரியாத ஆள் இல்லை. நாங்கள் ஒரே குழுவில் இருப்பவர்கள், பல இரவுகள் ஒன்றாக ஆடியவர்கள், அவன் மைக்கில் பேசும்போது பின்னால் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுவதுகூட எனக்குப் பழக்கம். அவன் கல்லூரி டீமில் ஆடுகிறான் என்பதும் தெரியும். இப்படிப்பட்டவனிடமிருந்து ஓட்டுக் கேட்டு ஒரு இணைப்பு வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கல்லூரி கல்ச்சுரல்ஸ் சமயத்தில் இது வாடிக்கைதான். செய்தி ஆங்கிலத்தில் சுருக்கமாக இருந்தது. நாங்கள் எல்லாருமே அப்படித்தான் தட்டுவோம்.

இணைப்பைத் திறந்தால் சுத்தமான ஒரு டோர்னமெண்ட் பக்கம். டீம்களின் சின்னம், வாங்கிய ஓட்டு எண்ணிக்கை, நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் எல்லாம் இருந்தன. ஓட்டுப் போட ஸ்டீம் வழியாக உள்ளே வரச் சொன்னது. அழுத்தியதும் சின்னதாக ஒரு ஜன்னல் திறந்தது. மேலே முகவரி, பக்கத்தில் பூட்டுப் படம், எல்லாம் அசல் ஸ்டீம் முகவரி. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

இந்த இடத்தைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். முகவரியில் 'எம்' எழுத்துக்குப் பதிலாக 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்து ஏமாற்றுவது பழைய வித்தை. அதைப் பார்த்துப் பார்த்து நமக்குக் கண் பழகிவிட்டது. இதில் முகவரியே ஒரு படம். அந்த ஜன்னல் உண்மையான ஜன்னலே இல்லை, பக்கத்துக்குள் வரைந்து வைத்தது. மூடும் பொத்தான்கூட வரைந்ததுதான். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: கணினியில் அந்த ஜன்னலைப் பிடித்து பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். அசல் ஜன்னல் வெளியே வரும். போலி, பக்கத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். போனில் இந்தச் சோதனை செய்ய முடியாது. அதைவிட எளிதான வழி, நீங்கள் ஏற்கெனவே ஸ்டீமில் லாகின் செய்து வைத்திருக்கும் பிரவுசரில் திறப்பது. அசல் பக்கம் என்றால் உங்கள் கணக்குப் பெயரைக் காட்டி, உள்ளே போகலாமா என்று மட்டும்தான் கேட்கும். அங்கே மறுபடி பாஸ்வேர்ட் கேட்டால் மூடிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

பாஸ்வேர்ட், உள்ளே நுழையக் கேட்கும் ஸ்டீம் கார்டு (Steam Guard) பாதுகாப்புக் கோடு இரண்டும் போனதும் "நன்றி, ஓட்டுப் பதிவானது" என்று வந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. இந்த அமைதிதான் இவர்களுடைய பெரிய பலம். பாஸ்வேர்டை மாற்ற மாட்டார்கள், எதையும் உடனே எடுக்க மாட்டார்கள். உள்ளே உட்கார்ந்து காத்திருப்பார்கள். காரணம், பொருள் வெளியே போக வேண்டுமென்றால் என் போனில் இருக்கும் ஸ்டீம் செயலியில் நானே ஒப்புதல் கொடுக்க வேண்டும். நானே கொடுக்கும் நேரத்துக்குத்தான் காத்திருந்தார்கள்.

சில நாள் கழித்து மதுரை நண்பர் ஒருவருக்குக் கத்தியைக் கொடுத்து வேறு சில ஸ்கின்களை வாங்குவதாகப் பேசி முடித்தோம். ஸ்டீமில் ஆஃபர், அதாவது பரிமாற்றக் கோரிக்கை, அனுப்பினேன். போனில் ஒப்புதல் கேட்டது. அவர் பெயர், அவர் படம், என் கத்தி. சரி என்று அழுத்தினேன். அரை மணி நேரம் கழித்து அவர் கேட்கிறார், "என்ன அண்ணா, ஆஃபரை ரத்து பண்ணிட்டீங்க?"

நடந்தது இதுதான். நான் அனுப்பிய ஆஃபரை உள்ளே இருந்தவன் அந்த நொடியே ரத்து செய்துவிட்டு, அதே பெயரும் அதே படமும் வைத்த இன்னொரு கணக்குக்குக் கத்தியை அனுப்பும் ஆஃபரை உண்டாக்கியிருக்கிறான். என் போனுக்கு வந்தது அந்த இரண்டாவது ஆஃபர். பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். நகல் எடுக்க முடியாதது கணக்கு தொடங்கிய தேதி. ஆஃபர் பக்கத்தில் எதிராளியின் லெவலும், எப்போதிலிருந்து ஸ்டீமில் இருக்கிறார் என்பதும் இருக்கும். ஒப்புதல் கொடுக்கும் முன்னால் அதைப் பாருங்கள். பல வருடப் பழக்கமுள்ள ஆளின் கணக்கு போன வாரம் தொடங்கியதாக இருந்தால் விஷயம் முடிந்தது. அதோடு, அந்த ஆளுக்குப் போன் செய்து, "ஆஃபர் உன் பக்கம் நிற்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கணக்கை மீட்டுவிட்டேன். கத்தி வரவில்லை. ஏமாற்றிக் கொண்டுபோன பொருளை ஸ்டீம் திருப்பித் தருவதில்லை என்பது அவர்கள் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் விதி. எனக்கு அதைவிட வலித்தது வேறு. அன்று இரவே என் கணக்கிலிருந்து என் நண்பர் பட்டியல் முழுக்க அதே ஓட்டுச் செய்தி போயிருக்கிறது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன், பொங்கல் காசையும் பிறந்தநாள் காசையும் சேர்த்து ஒரு ரெட்லைன் வாங்கி வைத்திருந்தவன், "அண்ணாதானே அனுப்பியிருக்காங்க" என்று அழுத்திவிட்டான். அவனுக்கு இருந்தது அந்த ஒரு ஸ்கின்தான்.

அப்புறம் எனக்கு முதலில் செய்தி அனுப்பிய நண்பனிடம் பேசினேன். அவன் கணக்கு அதற்கும் ஒரு வாரம் முன்பே போயிருக்கிறது. அவனுக்கே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா குழுவுல கலாய்ப்பாங்கண்ணா" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. நான் குழுவில் எழுதிய எச்சரிக்கைக்கு வந்த முதல் பதில்களே "நூப்" (கத்துக்குட்டி), "ஸ்கில் இஷ்யூ" (உனக்குத் திறமை இல்லை), சிரிக்கும் படங்கள். கொஞ்ச நேரத்தில் நிர்வாகி பதிவையே நீக்கிவிட்டார். தேவையில்லாத பரபரப்பு, குழுவின் பெயர் கெடுகிறது என்று காரணம் சொன்னார். அந்தக் குழுவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் பல இடங்களில் இதே கதைதான் என்று இப்போது தெரிகிறது. யார் ரேங்க் பெரிது, யார் ரொம்ப நாளாக இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அங்கே மரியாதை. ஏமாந்தேன் என்று சொல்கிறவனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள், திருடனுக்கு அடுத்த வாசல் திறந்தே கிடக்கிறது. என் பதிவு ஒரு நாள் அங்கே நின்றிருந்தால் அந்தப் பையனின் ரெட்லைன் அவனிடமே இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பழைய கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடிய காலத்தில் பக்கத்து நாற்காலியில் யார் என்று தெரியும். இப்போது திரையில் தெரிவது ஒரு பெயரும் ஒரு படமும்தான். அதற்கு ஏற்ற மாதிரி நாம்தான் ஒருத்தருக்கொருத்தர் காவல் இருக்க வேண்டும். நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: திருட்டுப் பற்றி யாராவது எழுதினால் அதை நீக்காமல் மேலே பொருத்தி வையுங்கள்.

இதற்கு ஒரு தம்பிச் செய்தியும் உண்டு. "தெரியாம உங்க கணக்கை ரிப்போர்ட் பண்ணிட்டேன், கணக்கு முடங்காம இருக்க டிஸ்கார்டில் இந்த ஸ்டீம் அதிகாரியிடம் பேசுங்க" என்று வரும். டிஸ்கார்ட் என்பது விளையாடுகிறவர்கள் அரட்டைக்குப் பயன்படுத்தும் செயலி. எந்த வால்வ் ஊழியரும் டிஸ்கார்டிலோ சாட்டிலோ வந்து உங்களிடம் பேச மாட்டார். அந்த 'அதிகாரி' காட்டும் சான்றிதழ் படமும் போலி. பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.

2025 ஜூலையில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு வால்வ் ஒரு பாதுகாப்பு கொண்டுவந்தது. கைமாறிய பொருளை 7 நாள் வரை வேறு யாருக்கும் மாற்ற முடியாது. அதற்குள் நீங்கள் பார்த்துவிட்டால் திரும்பப் பெறலாம். திரும்பப் பெற்றால் அந்த 7 நாளில் செய்த எல்லாப் பரிமாற்றமும் சேர்ந்தே ரத்தாகும், 30 நாள் உங்களால் எதையும் விற்கவோ மாற்றவோ முடியாது. இருந்தாலும் எனக்கு அன்று இது இருந்திருந்தால் கத்தி திரும்பியிருக்கும். ஆனால் எட்டாவது நாள் பார்த்தால் பயனில்லை. ஆகவே இதை நம்பி இணைப்பைத் தொட வேண்டாம்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால், இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஸ்டீம் கார்டு பக்கத்தில் போய் எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறுங்கள். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதே பாஸ்வேர்ட் மின்னஞ்சலுக்கும் இருந்தால் அதையும் மாற்றுங்கள். அடுத்து ஸ்டீமின் வெப் ஏபிஐ கீ (Web API Key) பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெளி நிரல் ஒன்று உங்கள் கணக்கை எட்டுவதற்கான சாவி அது. நீங்கள் உருவாக்காத சாவி ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். இதை மறந்தால் பாஸ்வேர்ட் மாற்றிய பிறகும் உங்கள் ஆஃபர்களை அவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம். யூபிஐ, கார்டு வழியாகப் பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள். ஸ்கின் மட்டும் போயிருந்தாலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் குற்றம். எவ்வளவு நஷ்டம் என்று ரூபாயில் கேட்பார்கள், அதனால் அன்றைய சந்தை விலை, பரிமாற்ற வரலாறு, அந்தச் செய்தி மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

2025 ஏப்ரலில் என் பெயரில் ஓட்டுக் கேட்டு இணைப்பு வந்தவர்கள், அழுத்திய ஞாபகம் இல்லை என்றாலும், அந்த ஏபிஐ கீ பக்கத்தை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.