கருத்துக் கேட்டால் போதுமா, முடிவிலும் பங்கு வேண்டுமா?

ஒரு திட்டம் யாரைப் பாதிக்கிறதோ அவர்களுக்கு அதன் முடிவுகளில் எவ்வளவு பங்கு இருக்க வேண்டும்? இதை அளக்க இரண்டு அளவுகோல்கள் பெரிதும் பேசப்படுகின்றன. ஒன்று, ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் முன்வைத்த எட்டுப் படி ஏணி; மேலே ஏற ஏற மக்களின் அதிகாரம் கூடும். மற்றொன்று, பொதுமக்கள் பங்கேற்புக்கான சர்வதேச சங்கத்தின் ஐந்து நிலைகள்: தெரிவித்தல், கருத்துக் கேட்டல், ஈடுபடுத்துதல், கூட்டாகச் செயல்படுதல், முடிவை ஒப்படைத்தல்.

ஏணி கறாரானது. கீழ் இரண்டு படிகளைப் பங்கேற்பு என்றே அது ஒப்புக்கொள்வதில்லை. தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது மூன்றும் அதன் கணக்கில் ஒப்புக்குச் செய்வதுதான். மேல் மூன்று படிகளில்தான் அதிகாரம் கைமாறுகிறது. ஐந்து நிலைகள் இப்படித் தீர்ப்பு சொல்வதில்லை. எந்த நிலை என்றாலும் சரி, அதில் மக்களுக்கு என்ன வாக்குறுதி தருகிறீர்கள் என்று கேட்கின்றன. வேலையைத் திட்டமிட இதுவே எளிது. ஆனால் இரண்டாம் நிலையிலேயே வசதியாக நின்றுகொள்ளவும் இது இடம் கொடுக்கிறது. அதனால் ஐந்து நிலைகளை வைத்துத் திட்டமிட்டு, ஏணியை வைத்துச் சரிபார்ப்பதே நல்லது என்பேன்.

அதிகம் குழப்பப்படுவது கருத்துக் கேட்பதும் ஈடுபடுத்துவதும். இரண்டிலும் கூட்டம் நடக்கும், மைக் இருக்கும், மனு வாங்குவார்கள். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. வரைவு தயாரான பிறகு கூப்பிட்டால் அது கருத்துக் கேட்பு. பிரச்சினை என்ன, மாற்று வழிகள் எவை என்று பேசும்போதே கூப்பிட்டு, முடிவு வரை கூடவே வைத்திருந்தால் அது ஈடுபடுத்துதல். ‘இந்தத் திட்டமே வேண்டாம்’ என்று சொல்ல இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சுற்றுச்சூழல் முடிவுகளுக்கான 1998-ஆம் ஆண்டு ஆர்ஹுஸ் உடன்படிக்கையும், எல்லா வழிகளும் திறந்திருக்கும்போதே மக்களை அழைக்க வேண்டும் என்கிறது. முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டதா? அப்படியானால் தெரிவித்தல் என்றே சொல்லிவிடுங்கள். அதில் நேர்மையாவது இருக்கும்.

மேல் நிலைகள் வெறும் கனவல்ல. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் நகராட்சியின் முதலீட்டுச் செலவில் எதற்கு முன்னுரிமை என்பதைக் குடியிருப்போரின் கூட்டங்கள் விவாதித்தன. ஆனால் ஒப்படைப்பதிலும் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலும் குலுக்கலில் தேர்வான குடிமக்கள் பேரவை 2004-ல் புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தது. 2005 பொதுவாக்கெடுப்பில் 57.7% பேர் ஆதரித்தார்கள். தேவைப்பட்டது 60%. பழைய முறையே தொடர்ந்தது.