பச்சை கறுக்காத பிரதி: 'தி ஹே வெய்ன்' அச்சுப்படம் வாங்கிய கதை

சோபாவுக்கு மேலே இருந்த சுவர் மூன்று வருடமாகக் காலியாகவே கிடந்தது. மாட்டினால் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்' மட்டும்தான் என்று இருந்தேன். ஆற்றுத் தண்ணீருக்குள் குதிரை வண்டி ஒன்று நிற்கும் படம் அது. நான் இருப்பது இங்கிலாந்தில், கோல்செஸ்டரில். ரயிலேறி மானிங்ட்ரீயில் இறங்கி ஸ்டூர் ஆற்றோரமாக நடந்தால், 1821இல் அவர் அந்தப் படத்தில் காட்டிய இடத்துக்கே போய்விடலாம். படத்தின் இடது பக்கம் இருக்கும், அந்தக் காலத்து விவசாயி வில்லி லாட்டின் வீடு இன்னும் நிற்கிறது. ஓவியரின் அப்பாவுடைய மில்லும் அங்கேதான். ஒரு ஜூலை மத்தியானம் அந்தக் கரையில் உட்கார்ந்து எழுந்த பிறகு, வேறு எந்தப் படமும் மனதுக்கு ஒட்டவில்லை.

முதலில் ஆன்லைனில் ஒரு கடையில் வாங்கினேன். 20க்கு 16 அங்குலம், பளபளப்புத் தாள், 28 பவுண்டு. பிரித்துப் பார்த்ததும் மனசு விட்டுப்போனது. மூல ஓவியம் ஏறத்தாழ 185 செ.மீ. அகலம், 130 செ.மீ. உயரம். அந்தக் கணக்குப்படி 16 அங்குல உயரத்துக்கு அகலம் கிட்டத்தட்ட 23 அங்குலம் வர வேண்டும். கடைக்காரர்கள் ரெடிமேட் ஃப்ரேமுக்குள் அடங்கட்டும் என்று இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். இடது பக்கம் வீடு ஒடுங்கிவிட்டது, வலது பக்கம் புல்வெளி குறுகிவிட்டது. அந்தப் புல்வெளி விரிந்து கிடப்பதால்தான் படத்தில் அந்த அமைதியே இருக்கிறது. அதில் கை வைத்தால் மிஞ்சுவது ஒரு வண்டியும் ஒரு வீடும்தான்.

அதைவிட மோசம் நிறம். பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கான்ட்ராஸ்ட்டை ஏற்றிவிட்டார்கள். மரங்கள் ஒரே கறுப்புத் திட்டு. வண்டிக்குக் கீழே தண்ணீர் தார் மாதிரி இருந்தது, சக்கரத்தின் பாதி அதில் காணாமல் போயிருந்தது. கான்ஸ்டபிளின் பச்சை ஒரே பச்சை இல்லை, பல பச்சைகள் சேர்ந்தது என்று பிரெஞ்சு ஓவியர் டெலக்ரா குறித்து வைத்திருக்கிறார். லண்டனில் விலை போகாத இந்தப் படத்துக்கு 1824இல் பாரிஸில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்படிப்பட்ட பச்சையைத் தாரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது அந்தப் பிரதி. திருப்பி அனுப்பினேன், பணம் வர மூன்று வாரம் ஆயிற்று.

அப்புறம் அவசரப்படாமல், கலைப் பிரதிகள் மட்டுமே அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தைப் பிடித்தேன். படத்தை வெட்டாமல் அடிக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டேன். ஏ2 என்ற தாள் அளவு இந்தப் படத்தின் விகிதத்துக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும் என்று அவர்களே சொன்னார்கள். பளபளப்பில்லாத பருத்தித் தாள், ஹானெமூலே ஃபோட்டோ ராக் என்ற வகை, சதுர மீட்டருக்கு 308 கிராம். எளிதில் மங்காத பிக்மென்ட் மை. முழுப் படம் அடிக்கும் முன்னால் வண்டியும் தண்ணீரும் வரும் பகுதியை மட்டும் கையகலத் துண்டாக அடித்துத் தபாலில் அனுப்பினார்கள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, நிழல் பகுதிகளை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம் என்றேன். சரி என்று திருத்தி அடித்தார்கள். படத்துக்கு 62 பவுண்டு, சட்டம் தனி. விலை கூடுதல்தான், ஆனால் அந்தக் காசு எங்கே போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

கிட்டப் போய்ப் பாருங்கள். குதிரைகளின் கழுத்துச் சேணத்தில் அந்தச் சிவப்பு, நகம் அளவு கூட இருக்காது. சுற்றியிருக்கும் பச்சை முழுவதையும் அதுதான் உயிரோடு வைத்திருக்கிறது. முன்கரையில் நிற்கும் நாயின் முதுகில் வெளிச்சம். தூரத்து வயலில் வைக்கோல் ஏற்றும் ஆட்கள் வெறும் வெள்ளைப் புள்ளிகள், ஆனாலும் ஆட்கள் என்று தெரிகிறது. இந்த அளவில் அது தெரிவது பெரிய விஷயம்.

ஒரு குறையும் உண்டு. இலை மேலும் தண்ணீர் மேலும் அவர் வெள்ளையைத் தெறித்து வைத்த இடங்கள் மூலப் படத்தில் புடைத்து நிற்கும், நாம் நகர்ந்தால் மின்னும். தாளில் அது தட்டைதான், இப்படிப்பட்ட அச்சில் அது வராது. லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனால் காசில்லாமல் நேரில் பார்க்கலாம், ஒரு முறையாவது பாருங்கள்.

சட்டத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போடாதீர்கள். எங்கள் ஹாலில் எதிர்ச் சுவரில் ஜன்னல் இருப்பதால் பிரதிபலிப்பு குறைந்த அக்ரிலிக் தகடு போட்டோம்.

போன மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். சிவகங்கைப் பக்கம், மாட்டுவண்டி ஓட்டி வளர்ந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் விரல் தண்ணீருக்குள் நின்ற சக்கரத்துக்குப் போனது. "கோடைதானேம்மா இது? சக்கரத்து மரம் சுருங்கி இரும்புப் பட்டா ஆடியிருக்கும். அதான் நனைய விட்டிருக்கான். உங்க தாத்தாவும் இப்படித்தான் கண்மாய்க்குள்ள வண்டியை இறக்கி நிப்பாட்டுவாரு" என்றார்.