கோ-கோஸ்: எந்தப் பாட்டு உசத்தி?

கோ-கோஸ், லாஸ் ஏஞ்சலஸ் பங்க் ராக் இசைக் கிளப்புகளில் வளர்ந்த ஐந்து பெண்களின் இசைக்குழு. 1981இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் இரண்டு பாட்டுகள் நிற்கின்றன.

'வி காட் த பீட்' குழுவின் கிட்டார் கலைஞர் சார்லட் காஃபி எழுதியது. ஜீனா ஷாக்கின் டிரம்ஸ் தொடங்கியதுமே கால் தானாகத் தாளம் போடும். 1982இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் 2ஆம் இடம். முதலிடத்தில் ராக் பாடகி ஜோன் ஜெட். அதுவும் ஒரு பெண் குரல்தான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

'அவர் லிப்ஸ் ஆர் சீல்ட்' 20ஆம் இடத்தோடு நின்றது. ஆனாலும் என் ஓட்டு இதற்கே. 'த ஸ்பெஷல்ஸ்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடகர் டெரி ஹால் கடிதத்தில் அனுப்பிய வரிகளை, கோ-கோஸின் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜேன் வீட்லின் பாட்டாக்கினார். ரகசியக் காதலும் ஊர்வாயும்தான் பொருள். முதன்மைப் பாடகி பெலிண்டா கார்லைல் துள்ளிப் பாடிக்கொண்டே போக, நடுவில் ஜேனின் மெல்லிய குரல் ஆறுதல் சொல்ல வருகிறதே, அந்தச் சில நொடிகளுக்கு ஈடான இடம் மற்ற பாட்டில் இல்லை.